பாட்டுக்கும் ஒரு லேபிள் உண்டு... அதில் யார் பெயர் இருக்கிறது?

காலை நேரத்தில் ஊத்துக்குளி ரயில் நிலையத்தில், திருப்பூர் வண்டிக்காகக் காத்திருப்பவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தோளில் டிபன் பை, கையில் செல்போன், காதில் இயர்போன். ஒருவர் காதில் இளையராஜா. பக்கத்தில் நிற்பவர் காதில் அனிருத். ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் காதில் அவர் ஊர்ப் பாட்டு. ஒரே பிளாட்பாரம், ஆளுக்கொரு பாட்டு. யாரிடமும் கேசட் இல்லை, சி.டி இல்லை. அந்தப் பாட்டுக்காக யாரும் கடைக்குப் போய்க் காசு கொடுக்கவும் இல்லை.

சரி, அந்த மூன்று நிமிடப் பாட்டுக்கான காசு எங்கிருந்து வருகிறது? யாருக்குப் போகிறது?

இது சினிமாக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. கல்லூரியில் படிக்கும் மகன், "சொந்தமா ஒரு பாட்டு பண்ணியிருக்கேம்மா" என்று போனை நீட்டுகிறான். ஊர் வள்ளி கும்மிக் குழு ஆடிய வீடியோவை யாரோ யூடியூபில் ஏற்றி, அது லட்சக்கணக்கில் ஓடுகிறது. கோயில் திருவிழாவில் பாடிய அக்காவின் குரல், யார் யாரோ போடும் ரீல்ஸுக்குப் பின்னணி ஆகிறது. பாட்டை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் வேலை இன்று வீட்டுக்குள் வந்துவிட்டது. அதோடு சேர்ந்து அதன் கணக்கு வழக்கும் வந்துவிட்டது.

திருப்பூர் வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரியும். ஒரு டி-ஷர்ட் உருவாக நிட்டிங், சாயம், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எத்தனையோ கைகள் உழைக்கின்றன. ஆனால், கடையில் அதன் விலையைத் தீர்மானிப்பது கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் சின்ன லேபிள். பாட்டு உலகிலும் பாடல்களை வெளியிடும் கம்பெனிக்குப் பெயர் 'லேபிள்'தான்!

பிளேட்டிலிருந்து மெமரி கார்டு வரை

கொங்கு மண்ணின் கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாளின் குரல், நாடகக் கொட்டகையைத் தாண்டி வீடுகளுக்குள் நுழைந்தது கிராமபோன் பிளேட்டுகள் வழியாகத்தான். அந்தக் காலத்தில் ஒரு பாட்டு வெளியே வர ஒலிப்பதிவுக்கூடம் வேண்டும், பிளேட் அச்சடிக்கும் ஆலை வேண்டும், ஊர் ஊராக ஏஜென்ட் வேண்டும். இத்தனையும் ஒரு பெரிய கம்பெனியால்தான் முடியும். யார் குரல் உலகத்துக்குக் கேட்க வேண்டும் என்பதையும் அந்தக் கம்பெனியே முடிவுசெய்தது.

1980-களில் கேசட் வந்ததும் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. சின்ன ஊர்களின் கடைவீதியிலும் 'ரெக்கார்டிங் சென்டர்' முளைத்தது. ஒரு வெள்ளைத் தாளில் பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், 60 அல்லது 90 நிமிட கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். காதலிக்குக் கொடுக்க ஒன்று, கல்யாண வீட்டுக்கு ஒன்று, பஸ் டிரைவருக்கு ஒன்று. இன்று ஆப்பில் நாம் போடும் 'பிளே லிஸ்ட்'டின் தாத்தா அந்த வெள்ளைத் தாள்தான்.

அப்புறம் நூறு பாட்டுக்கு மேல் அடங்கும் எம்.பி.3 சி.டி வந்தது. அதற்குப் பிறகு செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தரும் காலம். இந்த எல்லாக் காலங்களுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. பதிந்து கொடுத்த கடைக்காரருக்குக் காசு கிடைத்தது. கேட்டவருக்குப் பாட்டு கிடைத்தது. எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பாடியவருக்கும் அந்த நகலிலிருந்து ஒரு பைசாகூடப் போகவில்லை. எந்த ஊரில், எந்தக் கடையில், எந்தப் பாட்டு எத்தனை முறை நகலானது என்று யாருக்கும் தெரியாது. கணக்கே கிடையாது.

டிஜிட்டல் கொண்டுவந்த பெரிய மாற்றம் இந்தக் கணக்குதான். இன்று ஊத்துக்குளி பிளாட்பாரத்தில் ஒருவர் ஆப்பில் ஒரு பாட்டைக் கேட்டால், அது எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் 'ஒன்று' என்று பதிவாகிறது. அந்த 'ஒன்று' யார் பெயரில் பதிவாகிறது என்பதில்தான் இன்றைய சண்டைகள் பலவும் தொடங்குகின்றன.

கொலவெறி காட்டிய வழி

2011 நவம்பர் 16. தனுஷ் எழுதிப் பாடி, அனிருத் இசையமைத்த 'ஒய் திஸ் கொலவெறி டி' யூடியூபில் வெளியானது. '3' படம் தியேட்டருக்கு வந்தது 2012 மார்ச் மாதக் கடைசியில். படத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே பாட்டு உலகம் சுற்றி வந்துவிட்டது. இத்தனைக்கும் அந்த வீடியோவில் பெரிய செட் இல்லை, நடனம் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று பாடுவதைப் படம் பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அதுவரை பாட்டு விளம்பரம் என்றால் ஆடியோ வெளியீட்டு விழா, ரேடியோ, டிவி, சுவரொட்டி. 'கொலவெறி'க்குப் பிறகு, படத்தின் ஒரு பாட்டை மட்டும் முதலில் 'சிங்கிள்' ஆக விடுவது, வரிகள் ஓடும் லிரிக்கல் வீடியோ போடுவது என்பதெல்லாம் தமிழ் சினிமாவின் அன்றாட வேலை ஆகிவிட்டன. சரியாக 9 ஆண்டுகள் கழித்து, 2020-ல் அதே நவம்பர் 16 அன்று, 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தொட்டது. இடைப்பட்ட காலத்தில்தான் 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. பாட்டை வாங்கி வைத்துக் கேட்ட காலம் போய், கேட்கும்போது மட்டும் வரவழைத்துக்கொள்ளும் காலம் வந்தது.

விளம்பரத்தின் அளவும் சுருங்கியது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று காத்திருந்த காது, இப்போது 15 நொடியில் முடிவெடுக்கிறது. ரீல்ஸில் எந்த வரி ஒட்டிக்கொள்ளும், எந்த இடத்தில் ஆட ஒரு ஸ்டெப் கிடைக்கும் என்று யோசித்துப் பாட்டு கட்டுகிறவர்களும் உண்டு. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்குக்கு இந்திய அரசு தடை விதித்தது. அதை மட்டும் நம்பி லட்சக்கணக்கில் ரசிகர்களைச் சேர்த்திருந்தவர்கள் மறுநாளே மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வாடகை இடத்தில் கட்டிய வீடு மாதிரி ஆனது அவர்கள் நிலைமை.

'ஒரு பிளேக்கு எவ்வளவு?'

பனியன் கம்பெனியில் பீஸ் ரேட் என்றால் கணக்கு நேரடியானது. இத்தனை பீஸ், இத்தனை ரூபாய். பாட்டு ஆப்களில் அப்படி நிலையான ரேட் கிடையாது.

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். ஒரு ஆப்புக்கு ஒரு மாதம் சந்தாவும் விளம்பரமும் சேர்ந்து பணம் வருகிறது. அதில் தனக்கான பங்கை ஆப் எடுத்துக்கொள்ளும். ஸ்பாட்டிஃபை தன் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பாட்டு உரிமையாளர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறது. அப்படி ஒதுக்கிய தொகை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் எல்லாப் பாட்டுகளும் சேர்ந்து 1,000 முறை கேட்கப்பட்டு, அதில் உங்கள் பாட்டு 10 முறை கேட்கப்பட்டிருந்தால் உங்கள் பங்கு 1 ரூபாய். அடுத்த மாதம் பெரிய ஹீரோ படத்தின் பாட்டு வந்து மொத்தம் 2,000 முறை ஆகிவிட்டது, தொகை மட்டும் அதே 100 ரூபாய் என்றால், உங்களுடைய அதே 10 முறைக்கு 50 பைசாதான். நீங்கள் எதுவும் தவறு செய்யவில்லை. ஆனாலும் பங்கு குறைந்துவிட்டது.

இந்தியாவில் பெரும்பாலானோர் சந்தா கட்டாமல் விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்கள் என்பதால், பங்கு போடும் தொகையே சிறியது. போதாக்குறைக்கு 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு வாங்க 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் 1 கோடி பார்வைகள்.

ஆக, கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உள்ளே கூட்டம் அதிகம். கூலி குறைவு. அந்தக் குறைந்த கூலியும் சரியான கைக்குப் போகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

ஒரு பாட்டு, இரண்டு சொத்து

ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் இருக்கிறது சென்னிமலை. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று போற்றப்படும் முருகன் மலை. தேவராய சுவாமிகள் இயற்றிய அந்தக் கவசத்தின் வரிகள் பழையவை. யார் வேண்டுமானாலும் பாராயணம் செய்யலாம், அச்சடிக்கலாம். ஆனால், அதிகாலையில் வீடுகளில் ஒலிக்கும் சூலமங்கலம் சகோதரிகளின் ஒலிப்பதிவு அப்படியில்லை. அது தனியொரு சொத்து. அதைத் தூக்கி நம் சேனலில் போட்டுச் சம்பாதிக்க முடியாது.

இந்த ஓர் உதாரணம் புரிந்தால், பாட்டுச் சட்டத்தில் பாதி புரிந்த மாதிரி. வரியும் மெட்டும் ஒரு சொத்து. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. இரண்டுக்கும் வெவ்வேறு சொந்தக்காரர்கள் இருக்கலாம். வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, படைத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவருக்குப் பிறகு 60 ஆண்டுகளும். ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்.

2024-ல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் நினைவிருக்கும். 1991-ல் வெளியான 'குணா'வின் பாடல் அந்தப் படத்தால் புதுத் தலைமுறையிடம் மீண்டும் பரவியது. அந்த ஆண்டு மே மாதம் தயாரிப்பாளர்களுக்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. தயாரிப்புத் தரப்போ, உரிமை வைத்திருக்கும் கம்பெனிகளிடம் முறைப்படி அனுமதி வாங்கியதாகச் சொன்னது. மெட்டமைத்தவர் ஒரு பக்கம், ஒலிப்பதிவின் உரிமை வைத்திருப்பவர் ஒரு பக்கம் என்று நின்றால் இப்படித்தான் ஆகும்.

இதே மாதிரி மறுபிறவி எடுத்த இன்னொரு பாட்டு, 1995-ல் வந்த 'அசுரன்' படத்தின் 'சக்கு சக்கு வத்திக்குச்சி'. 2022-ல் 'விக்ரம்' படத்தில் ஒலித்து ரீல்ஸ் முழுக்கப் பரவியது. அதற்கு இசையமைத்த ஆதித்யன் 2017-லேயே காலமாகிவிட்டார். தன் பாட்டுக்குக் கிடைத்த அந்த இரண்டாவது கைதட்டலை அவர் கேட்கவில்லை. இப்படி மறுபிறவி எடுக்கும் பழைய பாட்டுகளால் படைத்தவரின் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பது, அந்தக் காலத்தில் போட்ட ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

'எஞ்சாயி எஞ்சாமி' சொன்ன பாடம்

சினிமாவுக்கு வெளியே, தனிப்பாடலாக வந்து உலகம் முழுக்கப் போக முடியும் என்று காட்டியது 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் மாஜா என்ற புதிய நிறுவனம் வெளியிட்டது. சந்தோஷ் நாராயணன், தீ, அறிவு என்று மூன்று பேர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தன் குடும்பத்தின் கதையையும், பாட்டி வள்ளியம்மாளின் நினைவையும் அதில் வைத்திருந்தார் அறிவு. ஹீரோ இல்லை, படம் இல்லை, தியேட்டர் இல்லை. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். குழந்தைகள் பாடினார்கள். கல்யாண மண்டபங்களில் ஒலித்தது.

பிரச்னைகளும் கூடவே வந்தன. அதே ஆண்டு ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது சர்ச்சையானது. 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் இந்தப் பாட்டு மேடையேறியபோது, யார் உழைப்பு எவ்வளவு என்ற விவாதம் மறுபடி எழுந்தது. பாட்டு வெளியாகி மூன்று ஆண்டுகள் ஆன 2024 மார்ச்சில், இதிலிருந்து தங்களுக்கு எந்த வருமானமும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோவில் வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனத் தரப்பு அதை மறுத்தது.

யார் பக்கம் நியாயம் என்பதை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். நமக்கான பாடம் வேறு. பெயரும் அனுபவமும் உள்ள கலைஞர்களுக்கே, கோடிக்கணக்கான பார்வைகள் பெற்ற பாட்டிலேயே, கணக்கு கேட்டு வீடியோ போடும் நிலைமை வந்தது. முதல் பாட்டைப் போனில் பதிவுசெய்யும் கல்லூரி மாணவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

சட்டம் துணைக்கு இருக்கிறது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் முக்கியமான திருத்தம் வந்தது. சினிமாப் பாட்டோ தனிப்பாட்டோ, எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்கான ராயல்டி பங்கை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் இது பொருந்தாது. 'மொத்த உரிமையும் உங்களுக்கே' என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தப் பங்கு போகாது. அதை வசூலித்துத் தருவதற்கு 1969-ல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ் அமைப்பு இருக்கிறது. பாடகர்களின் உரிமைக்காக இஸ்ரா என்ற அமைப்பு 2013-ல் தொடங்கப்பட்டது. ஆனால், உறுப்பினராகச் சேர்ந்தால்தான் உங்கள் பங்கு உங்களைத் தேடி வரும்.

வீட்டில் பாடுகிறவர் இருந்தால்...

1. வெளியிடும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, பாடியவர் யார், பதிவுக்குக் காசு போட்டவர் யார், வருமானத்தில் யாருக்கு எத்தனை சதவிகிதம்? நான்கு நண்பர்கள் சேர்ந்து செய்தாலும் ஒரு தாளில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடாதபோது சண்டை வராது. ஓடினால்தான் வரும்.

2. உரிமையை எழுதிக் கொடுத்தால் காலமும் இடமும் பாருங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு என்று குறிப்பிடவில்லை என்றால் சட்டப்படி அது 5 ஆண்டுகள். எந்தெந்த நாடு என்று இல்லாவிட்டால் இந்தியா மட்டும். 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்ற வார்த்தைகள் இருந்தால் நின்று நிதானமாகப் படியுங்கள்.

3. ஐ.எஸ்.ஆர்.சி எண் வாங்குங்கள். 12 எழுத்தும் எண்ணும் கலந்த இது, ஒலிப்பதிவுக்கு ஆதார் எண் மாதிரி. எந்த ஆப்பில் ஓடினாலும் கணக்கு இதை வைத்துத்தான். ட்யூன்கோர், டிஸ்ட்ரோகிட் போன்ற விநியோகச் சேவைகள் பாட்டை எல்லா ஆப்களுக்கும் அனுப்பும்போதே இந்த எண்ணையும் தருகின்றன. சில சேவைகளில் ஆண்டுச் சந்தா கட்டத் தவறினால் பாட்டு ஆப்களிலிருந்து இறங்கிவிடும். சேரும் முன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. கரோக்கியும் இலவச பீட்டும் கவனம். சினிமாப் பாட்டின் கரோக்கியில் பாடி யூடியூபில் போட்டால், அதன் கன்டென்ட் ஐ.டி அமைப்பு கண்டுபிடித்துவிடும். விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோவே முடங்கவும் செய்யலாம். இணையத்தில் எடுத்த பீட்டுக்கும் நிபந்தனைகள் உண்டு.

5. 'ஒரு லட்சம் வியூஸ், இவ்வளவு ரூபாய்' விளம்பரங்களை நம்ப வேண்டாம். செயற்கையாக ஏற்றும் எண்ணிக்கையை ஆப்கள் கண்டுபிடித்துக் கழித்துவிடுகின்றன. பாட்டையே நீக்கவும் செய்கின்றன. கொடுத்த காசு திரும்பி வராது.

6. ஊர்க் கலைக் குழுவா? வள்ளி கும்மியைத் தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கோவை மாவட்டத்து பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்தக் கலையின் மதிப்பு கூடியிருக்கிறது. படம் பிடிக்க வருபவரும் கூடியிருக்கிறார்கள். பரம்பரைப் பாட்டு எல்லோருக்கும் பொது. ஆனால், உங்கள் குழு பாடியதைப் பதிந்து தன் சேனலில் போட விரும்புபவரிடம், எந்த நிபந்தனையில் என்று முதலிலேயே பேசுங்கள். முடிந்தால் குழுவின் பெயரிலேயே சேனல் தொடங்கி, முதலில் நீங்களே ஏற்றுங்கள். நாளைக்கு யாராவது உங்கள் வீடியோ மீதே யூடியூபில் உரிமை கோரினால் பயப்பட வேண்டாம். மறுப்பு தெரிவிக்க அங்கேயே வழி உண்டு. கோரியவர் 30 நாள்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் பெரிய வேலை மாதிரி தெரியலாம். ஆனால், ஒரு மாலைப்பொழுதில் முடியக்கூடிய வேலைதான். பாட்டுக்கு மெட்டுத் தேட ஆகும் நேரத்தைவிடக் குறைவு.

ஊத்துக்குளிக்காரர்களுக்குப் பெயரின் மதிப்பைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க் கடையில்கூட 'ஊத்துக்குளி வெண்ணெய்' என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். பெயர் ஊருக்கு ஊர் போவது சந்தோஷம்தான். அந்தக் காசில் ஒரு பங்கு பால் கறந்தவர் வீட்டுக்கும் வந்தால்தான் சந்தோஷம் முழுசாகும். பாட்டுக்கும் அதே கணக்கு.

நாளைக் காலை ரயிலில் இயர்போனை மாட்டும்போது, பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் பெயர்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை பாட்டு ஏற்றப்போகிறது என்றால், அந்த இடத்தில் யார் யார் பெயர் வர வேண்டும் என்று இன்று ராத்திரியே உட்கார்ந்து பேசிவிடுங்கள்!